கோல்ஃப் கிளப்பில் ஒரு குடும்பச் சாப்பாடு: கேட்டுக்கு உள்ளே யார், வெளியே யார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

 

இன்னைக்கு ஒரு வார்த்தையில ஆரம்பிக்கலாம். 'கிளப்'. இதைக் கேட்டதும் உங்க மனசுல என்ன வருது? பெரிய கேட்டு, வெள்ளைச் சுவர், புல்வெளி, பார், மெம்பர்ஷிப் கார்டு. சரியா? இதே வார்த்தையை விழுப்புரம் பக்கம் எண்பது வயசு தாண்டின ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க. அவருக்கு ஞாபகம் வர்றது இட்லி. ஆமா, 'காபி கிளப்', 'கிளப்புக் கடை'ன்னா தமிழ்ல ரொம்ப நாளா சாப்பாட்டுக் கடைதான். காசு கொடுத்தா யாருக்கும் காபி கிடைக்கும்னு நினைக்க வைக்கிற பேரு. நிஜத்துல அங்கேயும் யாரு எங்க உக்காரலாம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

இன்னைக்கு நாம பேசப்போறது இந்த ரெண்டு 'கிளப்'பும் சந்திச்ச ஒரு நாளைப் பத்தி. எங்க குடும்பம் மொத்தமா சென்னையில ஒரு கோல்ஃப் கிளப்புக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போன கதை. அந்த சாக்குல ஒரு சட்டம், ஒரு நிலம், ஒரு டெல்லிச் சம்பவம், எல்லாத்தையும் பார்க்கலாம்.

வேட்டியா, பேண்ட்டா?

நாங்க விழுப்புரம். தாத்தா பாட்டி இருக்கறது திண்டிவனம் பக்கத்துல ஒரு கிராமம். விவசாயம். சித்தப்பா சென்னையில ஒரு கம்பெனியில பெரிய பொறுப்புல இருக்கார். அந்தக் கம்பெனி வழியா அவருக்கு ஒரு கோல்ஃப் கிளப்ல மெம்பர்ஷிப். எந்த கிளப்புன்னு சொல்லப்போறதில்ல, அது இங்க முக்கியமும் இல்ல.

அரையாண்டு லீவு. "எல்லாரும் வாங்க, ஞாயித்துக்கிழமை கிளப்ல லஞ்ச்"னு சித்தப்பா கூப்பிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே குஷி. ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "அப்பாவுக்கு மட்டும் ஒரு பேண்ட் எடுத்துடுங்க. கிளப்ல ஏதாவது கேட்டாங்கன்னா சங்கடம்."

தாத்தா அதைக் கேட்டுட்டு ரொம்ப அமைதியா சொன்னார்: "கலெக்டர் ஆபீஸுக்கே நான் வேட்டியிலதான் போறேன். சோறு திங்க எதுக்குடா பேண்ட்டு?"

சட்டம் படிக்கிற அக்கா ஒருத்தி எங்க வீட்ல இருக்கா. அவ உடனே ஃபோனை எடுத்து, "தாத்தா, நீங்க வேட்டியிலேயே வாங்க. தமிழ்நாட்டுல அதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு"ன்னா.

உண்மைதான். 2014 ஜூலை 11. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து.அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போகிறார். புத்தகம், ஒரு முன்னாள் தலைமை நீதிபதியுடையது. இவர் அழைக்கப்பட்ட விருந்தினர். ஆனால் வேட்டி கட்டியிருந்ததால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். வேட்டியில் வந்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதிதான்.

அடுத்த சில நாட்களில் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா சட்டம் கொண்டுவருவோம் என்று அறிவித்தார். ஆகஸ்டிலேயே மசோதா நிறைவேறியது. அதன் சாரம் இதுதான்: வேட்டியையோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ கண்ணியமாக உடுத்தி வந்த ஒருவரை, அந்த உடையை மட்டும் காரணம் காட்டிப் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கக் கூடாது. கிளப்பும் அந்தப் பொது இடத்துக்குள் வரும். மீறினால் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம். பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கவனிங்க, நாடு சுதந்திரம் வாங்கி 67 வருஷம் கழிச்சு, வேட்டி கட்டின ஊர்ல வேட்டிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கு. அதுவும் தடுக்கப்பட்டவர் ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ். அவருக்குப் பதிலா ஒரு விவசாயி தடுக்கப்பட்டிருந்தா இந்தச் சட்டம் வந்திருக்குமா? இதை அப்படியே மனசுல வச்சுக்குங்க.

விக்கிரவாண்டியில இருந்து வாசல் வரைக்கும்

காலைல ஆறு மணிக்கு விழுப்புரத்துல கிளம்பினோம். வாடகை வண்டி. ஓட்டினவர் எங்க தெரு அண்ணன்தான். பத்து வருஷமா எங்க வீட்டுக் கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாத்துக்கும் அவர்தான். விக்கிரவாண்டி டோல் தாண்டி, திண்டிவனத்துல தாத்தா பாட்டியை ஏத்திக்கிட்டு, ஆத்தூர் டோல், பரனூர் டோல்னு ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சுப் போனோம். நடுவுல டிபன். பாட்டி ஒரு பழக்கம் வச்சிருக்காங்க. டிரைவர் அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்தாத்தான் இலையில கை வைப்பாங்க. "வண்டி ஓட்டுறவன் வயிறு காஞ்சா நம்ம உசுருக்குத்தான் கேடு"ன்னு சொல்லுவாங்க.

கிளப் வாசல். செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். தாத்தாவோட வேட்டியைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. "எந்த ஊருங்க ஐயா?"ன்னு கேட்டார். "திண்டிவனம்." "நான் செஞ்சிங்க"ன்னு சிரிச்சார். அவ்வளவுதான், தாத்தா உள்ளே. சட்டத்தை எடுத்துக்காட்ட ரெடியா இருந்த அக்காவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆனா அடுத்த வாக்கியம் வந்துச்சு. "டிரைவர்லாம் பார்க்கிங்லயே இருக்கணும் சார்." கெஸ்ட் லிஸ்ட்ல எட்டு பேர். அண்ணன் பேரு அதுல இல்ல. அதைப் போடணும்னு யாருக்கும் தோணவும் இல்ல. வண்டி பின்பக்கம் போயிடுச்சு.

இது எத்தனை காணி?

உள்ளே போனதும் தாத்தா உக்காரல. வராண்டாவுல நின்னு அந்தப் பச்சையையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் சித்தப்பாவைக் கேட்டார்: "தம்பி, இது எத்தனை காணி இருக்கும்?"

தெரியாதவங்களுக்கு: எங்க பக்கம் இன்னமும் நிலத்தைக் காணியிலதான் சொல்லுவாங்க. ஒரு காணின்னா கிட்டத்தட்ட ஒண்ணே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல, 132 சென்ட். சித்தப்பா, "நூறு ஏக்கருக்கு மேலப்பா"ன்னார். தாத்தா மனக்கணக்குப் போட்டு, "எழுவத்தஞ்சு காணி. இதுல ஒரே பயிரு, புல்லு. சரி, தண்ணி எங்கேர்ந்து?"ன்னார். வாழ்க்கை முழுக்க ரெண்டு காணியில மல்லாட்டையும் நெல்லும் போட்டு, போர்ல தண்ணி இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்த மனுஷன் கேக்குற கேள்வி அது. பெருமையோ கோபமோ இல்ல, வெறும் கணக்கு.

கோல்ஃபுக்கு ஏன் இவ்வளவு இடம்? முழு மைதானத்துல 18 குழி. ஒரு குழியில இருந்து அடுத்ததுக்கு நூத்துக்கணக்கான மீட்டர். ஒரு ஆட்டம் முடிய நாலஞ்சு மணி நேரம். அதனாலதான் இது எங்க போனாலும் ஒரு நில விவகாரமாகவும் ஆகிடுது.

சென்னையிலேயே அதுக்குப் பெரிய உதாரணம் கிண்டி. அங்கே குதிரைப் பந்தய ஓடுதளம் இருக்கிற வளாகத்துக்கு உள்ளேயேதான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. ஜிம்கானா 1884-ல் தொடங்கிய கிளப். அந்த நிலம் அரசு நிலம், சுமார் 160 ஏக்கர். 1945-லிருந்து 99 வருடக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு 614 ரூபாய் 13 பைசா. மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வராது.

வாடகையை உயர்த்தியதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2023-ல் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பர் 9-ம் தேதி அரசு குத்தகையை ரத்து செய்து வளாகத்துக்கு சீல் வைத்தது. அதில் 118 ஏக்கரில் பொதுமக்களுக்கான பசுமைப் பூங்கா அமைப்போம் என்று அறிவித்தது. வேளச்சேரி பக்கம் வெள்ளத்தைக் குறைக்க உள்ளே குளங்கள் வெட்டும் வேலையும் நடந்தது. கிளப்புகள் தரப்பு நீதிமன்றம் போனது.

கிளப் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லணும். "நாங்க இல்லன்னா இந்த இடம் எப்பவோ கட்டடமாகியிருக்கும், எங்களை நம்பி எத்தனையோ தொழிலாளர்கள் இருக்காங்க"ம்பாங்க. கட்டடம் ஆகியிருக்கும்ங்கறதை மறுக்க முடியாது. ஆனா பொது நிலத்துல மரம் இருக்கணும்னா மெம்பர்ஷிப்பும் இருந்தே ஆகணுமா? இது என் கேள்வி. உங்க பதில் வேறயா இருக்கலாம்.

சாப்பாடு, அப்புறம் பாட்டியோட கேள்வி

சாப்பாடு நல்லா இருந்துச்சு. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. சூப், மீன், ஃப்ரைடு ரைஸ், பசங்களுக்கு ஐஸ்கிரீம். பாட்டிக்குத் தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்த சர்வர் தம்பி, கேக்காமலேயே ஊறுகாயும் வச்சுட்டுப் போனார். தாத்தா கையால சாப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கல. பில் வந்தப்போ தாத்தா மடியில கை வச்சார், ஆனா அங்கே காசு வாங்க மாட்டாங்க. மெம்பர் கையெழுத்துதான். "அப்ப நான் எவ்வளவு சம்பாதிச்சாலும் இங்க எனக்கு ஒரு டீகூட நானா வாங்கிக்க முடியாது?"ன்னு கேட்டார். சித்தப்பா சிரிச்சுட்டார். ஆனா அது சரியான விளக்கம். கிளப்ங்கறது அதுதான். அங்க காசு செல்லாது, யாரோட வந்தேங்கறதுதான் செல்லும்.

அப்பதான் பாட்டி கேட்டாங்க: "அவன் சாப்டானா?"

மேஜையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

சித்தப்பா எழுந்து போய் மேனேஜர்கிட்ட பேசிட்டு வந்தார். பின்பக்கம் ஸ்டாஃபுக்கும் கேடிகளுக்கும் ஒரு கேன்டீன் இருக்கு, டிரைவர்கள் அங்க சாப்பிடலாமாம். வெளியே வந்தப்போ அண்ணன் சொன்னார்: "சாம்பார் சாதம் சாப்டேன் பாட்டி, நல்லா இருந்துச்சு." அவருக்கு அதுல வருத்தம் இருந்த மாதிரி தெரியல. பாட்டிக்குத்தான் இருந்துச்சு. திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தச் சொல்லி, அண்ணன் பக்கத்துல உக்காந்து ரெண்டு வடை வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவங்க முகம் தெளிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க. தாத்தாவோட வேட்டிக்கு 2014-லயே சட்டம் வந்தாச்சு. டிரைவர் அண்ணன் பேண்ட் சட்டை, ஷூ எல்லாம் போட்டிருந்தார். டிரஸ் கோடுப்படி எங்க எல்லாரையும் விட அவர்தான் சரியா வந்திருந்தார். ஆனா அவர்தான் வெளியே.

டெல்லியில் நடந்தது

இதே மாதிரி, இதை விடக் கசப்பா, ஒரு சம்பவம் ஊர் அறிய நடந்திருக்கு. 2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி கோல்ஃப் கிளப். ஒரு மெம்பர் சிலரை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். அதில் அசாமைச் சேர்ந்த ஒரு தொழில்முனைவரும், அவர் மகனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த மேகாலயாவின் காசி இனப் பெண் ஒருவரும் இருந்தார்கள். அந்தப் பெண் அணிந்திருந்தது ஜெயின்செம், காசி மக்களின் பாரம்பரிய உடை. மேஜையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கிளப் ஊழியர்கள் வந்து அவரை எழுந்து போகச் சொன்னார்கள். காரணம், அவர் உடை வீட்டு வேலைக்காரர் உடை போல இருக்கிறது என்பது. உலகின் பல நகரங்களுக்கு அதே உடையில் போய்வந்தவர் அவர். நாடு முழுக்க எதிர்ப்பு வந்த பிறகு கிளப் வருத்தம் தெரிவித்தது.

இந்தச் செய்தியை அப்ப எல்லாரும் 'டிரஸ் கோடு பிரச்சனை'ன்னு பேசினாங்க. எனக்கு அப்படித் தோணல. உடைங்கறது ஒரு சாக்கு. "இவங்க இந்த மேஜைக்கு உரியவங்க இல்ல"ங்கற முடிவு முதல்லயே எடுத்தாச்சு. அதுக்குக் காரணம் தேடும்போது உடை கண்ணுல படுது. அதனாலதான் உடையை மட்டும் சரிபண்ணற சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும்.

இன்னொண்ணு. இந்திய கோல்ஃபோட பெரிய பேர்களே பின்வாசல் வழியா வந்தவங்கதான். இந்தியன் ஓப்பனை 1991-லயும் 1993-லயும் ஜெயிச்ச அலி ஷேர் கேடியா இருந்தவர். 2009-ல ஜெயிச்ச பெங்களூர்க்காரர் சி.முனியப்பாவும் அப்படித்தான். 2016, 2017-னு ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜெயிச்ச எஸ்.எஸ்.பி. சௌராசியாவோட அப்பா கொல்கத்தா கோல்ஃப் மைதானத்துல புல் பராமரிச்ச தொழிலாளி. பை தூக்கினவங்களும் புல் வெட்டினவங்களோட பிள்ளைங்களும்தான் கோப்பை வாங்கியிருக்காங்க.

நம்ம ஊரு நுழைவுக் கதை

இப்ப அந்தக் காபி கிளப்புக்கு வர்றேன். "இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம்"னு சொல்லித் தப்பிச்சுக்க நமக்கு வசதியா இருக்கும். பாதி உண்மைதான். 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், சுதந்திரத்துக்குப் பிறகும் 1960-கள் வரை இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. இந்தியர்கள் தங்களுக்கென்று 1873-ல் காஸ்மோபாலிடன் கிளப்பைத் தொடங்கினார்கள்.

மீதிப் பாதி நம்முடையது. நம்ம காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களிலேயே பிராமணர், பிராமணரல்லாதார் என்று தனித்தனிப் பகுதி இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் அது போனது. 1957-ல்கூட திருவல்லிக்கேணியில் முரளீஸ் கபே வாசலில், போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தலித் மக்களுக்குப் பல ஊர் டீக்கடையில் தனி கிளாஸ் இருந்ததை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல.

கோயில் வாசலும் அப்படித்தானே இருந்துச்சு. சென்னை மாகாணம் முழுக்கப் பட்டியல் சாதி மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்ட 1947 ஆலய நுழைவுச் சட்டம் யாரோட ஆட்சியில வந்துச்சு தெரியுமா? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், விவசாயி. சென்னையில நீங்க 'ஓமந்தூரார் எஸ்டேட்'னு சொல்றது அவர் பேருதான். தாத்தா இதை வண்டியில வரும்போது ரெண்டு தடவை சொன்னார். எங்க ஊர்க்காரர்ங்கற பெருமைதான், வேறென்ன!

ஆற்றங்கரைச் சாப்பாடு

லீவு நாள்ல குடும்பமா வெளியே போய்ச் சாப்பிடறதைக் கிளப்தான் நமக்குக் கத்துக்கொடுத்ததுன்னு நினைக்காதீங்க. தை மாசம் அஞ்சாம் தேதி விழுப்புரம், கடலூர் பக்கம் வந்து பாருங்க. ஆத்துத் திருவிழா. விழுப்புரத்துக்குப் பக்கத்துல பிடாகத்துல தென்பெண்ணை மணல் முழுக்கக் கூட்டம். சுத்துப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் ஆத்துக்கு வரும். தூக்குல கட்டிக்கொண்டு வந்த புளிசோறு, வேகவச்ச சிறுவள்ளிக் கிழங்கு, ராட்டினம். அங்க கெஸ்ட் லிஸ்ட் கிடையாது.

அதுக்காக கிளப்புக்குப் போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. நானே மறுபடியும் கூப்பிட்டா போவேன், அந்த மீன் அப்படி! உங்கள்ல பல பேர் சின்ன ஊர்ல இருந்து வந்து, கம்பெனி பார்ட்டி, கிளையன்ட் லஞ்ச்னு இந்த இடங்களுக்குள்ள போக ஆரம்பிச்சிருப்பீங்க. ஒரு நாள் அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருக்கும். நல்ல ஆசைதான். கூட்டிட்டுப் போங்க. அதுக்கு மூணே மூணு விஷயம்.

ஒண்ணு: கிளப்போட விதிகளை முன்னாடியே நீங்க கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. வேட்டி, புடவை கட்டினவங்களை மாத்தச் சொல்லாதீங்க. யாராவது கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க, அவங்க இல்ல. சட்டம் உங்க பக்கம் இருக்கு.

ரெண்டு: வண்டி ஓட்டிட்டு வர்றவர், குழந்தையைப் பார்த்துக்க வர்றவர், இவங்க எங்க உக்காருவாங்க, எங்க சாப்பிடுவாங்கன்னு புக் பண்ணும்போதே கேளுங்க. கெஸ்ட்டா பேரு போட முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா, எல்லாரும் ஒண்ணா உக்காரக்கூடிய வேற ஹோட்டல் பாருங்க. ஜிஎஸ்டி ரோட்ல ஹோட்டலுக்கா பஞ்சம்?

மூணு: பெரியவங்க அங்க கேள்வி கேப்பாங்க. இது எத்தனை காணி, தண்ணி எங்கேர்ந்து, காசு ஏன் வாங்கல. "உஷ், மெதுவா"ன்னு அடக்காதீங்க. அந்த இடத்துல கேக்க வேண்டிய சரியான கேள்விகள் அதுதான். நமக்குப் பழகிப்போனதால நாம கேக்கறதில்ல.

உங்க வீட்ல இந்த மாதிரி அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பா ஒரு கேள்விக்குப் பதில் வேணும்: நீங்க கடைசியா குடும்பத்தோட வெளியே போய்ச் சாப்பிட்டப்போ, கூட வந்தவங்கள்ல யாரு அந்த மேஜையில இல்ல?

அடுத்த வாரம் பார்க்கலாம். நல்லா சாப்பிடுங்க.